இல்லை என்றால் எழுதிக் கொடுங்கள்

ரேஷன் கடை கல்லா முதல் மாவட்டத் தலைமையிடம் வரை, ஒரு வீட்டின் அரிசியையும் உதவித்தொகையையும் கொடுக்கவோ நிறுத்தவோ அதிகாரம் உள்ள அனைவருக்கும்,

வணக்கம்.

நான் தூத்துக்குடி பக்கம் ஒரு தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவன். புங்கமரத்தடியில் ஒரு மடக்கு மேசை, இரண்டு ஸ்டூல், ஒரு கட்டு வெள்ளைத் தாள், கோர்ட் ஃபீ ஸ்டாம்பு. 19 வருஷமாக இதுதான் பிழைப்பு. 'உயர்திரு வட்டாட்சியர் அவர்கள் சமூகத்திற்கு' என்று தொடங்கி 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிப்பதை என் கை தூக்கத்தில்கூட எழுதிவிடும். இந்த மடலுக்கு யாரிடமும் காசு வாங்கவில்லை, அதனால் அந்த இரண்டு வரிகளுக்கும் விடுமுறை.

முன்பெல்லாம் என்னிடம் பட்டா மாறுதலும் வாரிசுச் சான்றும்தான் அதிகம் வரும். அவையெல்லாம் இ-சேவை மையத்துக்குப் போய்விட்டன. இப்போது மரத்தடிக்கு வருபவை கம்ப்யூட்டரிலேயே பிறந்து கம்ப்யூட்டரில் தீராத சங்கதிகள். நின்றுபோன முதியோர் பணம், ரேகை விழாத ரேஷன், தள்ளுபடியான மகளிர் உரிமைத் தொகை. வந்து உட்கார்ந்தவரிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எதுக்கு நிப்பாட்டினாங்க?"

பத்தில் எட்டுப் பேர் ஒரே பதிலைச் சொல்வார்கள். "தெரியல அண்ணாச்சி. இல்லன்னு சொல்லிட்டாங்க."

இந்தப் பதிலைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

போன வருஷம் 74 வயது ஆச்சி ஒருவர் வந்தார். எட்டு மாதமாக முதியோர் பணம் வரவில்லை. மாதம் 1,200 வீதம் 9,600 ரூபாய். வங்கியில் கேட்டால், "மேலயிருந்தே வரல, தாலுகா ஆபீஸ்ல கேளுங்க" என்கிறார்கள். தாலுகா ஆபீஸில் கேட்டால், "நாங்க மாசாமாசம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம், பேங்க்ல கேளுங்க" என்கிறார்கள். ஆச்சி இப்படியே ஏழெட்டு நடை நடந்திருக்கிறார். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்திராவிட்டால் நாலாவது நடையிலேயே விட்டிருப்பார். பெட்டிக்கடையில் கடன் ஏறியிருந்தது. காதில் கம்மல் இருந்த இடத்தில் வேப்பங்குச்சி இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு இடத்திலும் ஆச்சியிடம் யாரும் பொய் சொல்லவில்லை. தாலுகா ஆபீஸ் பணம் போட்டதும் உண்மை, அந்த வங்கிக்கு வராததும் உண்மை. ஆதார் எண்ணை வைத்துப் பணம் அனுப்பும்போது, அந்த எண் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் பணம் போய்ச் சேரும். உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். ஆச்சிக்கு எப்படித் தெரியும்? எப்போதோ ஒரு பையன் டேப்லெட்டோடு தெருவுக்கு வந்து, ரேகை வைத்தால் இலவசமாகக் கணக்கு தொடங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். தெருவே வைத்தது, ஆச்சியும் வைத்தார். அன்றோடு பணத்தின் பாதை மாறிவிட்டது.

இதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம்தான். ஆனால் அதற்கு ஓடிபி வர வேண்டும். ஆச்சியின் ஆதாரில் இருந்ததோ இறந்துபோன தாத்தாவின் நம்பர். முதலில் நம்பரை மாற்ற வேண்டும், அதற்கு ஆதார் மையத்தில் டோக்கன் வாங்க வேண்டும், டோக்கனுக்குக் காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும். கடைசியில் அந்த இன்னொரு கணக்கைப் பிடித்தோம். எட்டு மாதப் பணமும் பத்திரமாக இருந்தது. ஆச்சி என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்போ என் பணம் எங்கிட்டதான் இருந்துச்சா?"

ஆமாம் ஆச்சி, உங்களிடம்தான் இருந்தது.

முதல் நாள் போனபோதே யாராவது ஒரு துண்டுத் தாளில், 'இன்ன தேதியில், இன்ன வங்கியில், இந்த நான்கு எண்ணில் முடியும் கணக்குக்குப் பணம் அனுப்பப்பட்டது' என்று எழுதிக் கொடுத்திருந்தால் கம்மல் காதில் இருந்திருக்கும். அந்தத் தகவல் உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது. வாயால் சொன்னதோ "பேங்க்ல கேளுங்க" என்பது மட்டும்தான்.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயோடு தொடங்கியது. நெடுங்காலம் அது மணியார்டரில்தான் வந்தது. தபால்காரர் பத்து ரூபாய் பிடித்துக்கொண்டார், வாசலில் வைத்து அதட்டினார் என்று அதிலும் ஆயிரம் புகார் உண்டு. அந்தப் புகார் மனுக்களையும் நான்தான் எழுதினேன். ஆனால் பணம் வரவில்லையென்றால் யாரைப் போய்க் கேட்க வேண்டும் என்று எல்லா ஆச்சிக்கும் தெரியும். 2011இல் தொகை 1,000 ஆனது, 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. (மத்தியத் திட்டத்தில் வருகிறவர்களுக்கு 80 வயது வரை டெல்லியின் பங்கு 200 ரூபாய்தான். 2007இல் வைத்த 200 இன்றைக்கும் 200. அது வேறு சண்டை, வேறு மடல்.) தொகை கூடக்கூட, கேட்க வேண்டிய ஆள் மட்டும் மறைந்துகொண்டே போனார்.

அடுத்து ரேஷன். முதலில் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1997இல் நாடெங்கும் ரேஷன் அட்டைகளை வறுமைக்கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தார்கள். தமிழ்நாடு பிரிக்கவில்லை. 2016 நவம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்து, முன்னுரிமை அட்டை, முன்னுரிமையற்ற அட்டை என்று பெயர் மாறிய பிறகும் அரிசி அட்டைக்காரர் எல்லோருக்கும் அரிசி இலவசமாகவே தொடர்கிறது. 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் வெளிக்கடையில் கிடைக்குமா? எங்கள் ஊரில் அடுப்பு எரிவதே இதனால்தான் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இவ்வளவு பெரிய ஏற்பாட்டின் வாசலில் ஒரு சின்ன ரேகை மெஷின் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் உப்பள வேலைதான் அதிகம். வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீரில் நின்று பாத்தி மிதித்து உப்பு வாரியவர்களின் விரலை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? தோல் தேய்ந்து பளபளவென்று இருக்கும். ரேகை இருந்த இடம்கூடத் தெரியாது. அந்த விரலை மெஷினில் வைத்தால் 'பொருந்தவில்லை' என்கிறது. துடைத்து வைக்கிறார்கள், எண்ணெய் தடவி வைக்கிறார்கள், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைக்கிறார்கள். பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுக்கிறது. "நாளைக்கு வாங்கக்கா, ஒருவேளை விழும்."

நாளைக்கு வந்தால் அன்றைய அளத்துக் கூலி போச்சு. கூலியை விட்டு வாங்கும் அரிசி இலவச அரிசியா?

இதற்கு வழியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கண் கருவிழி பதியும் கருவி வந்திருக்கிறது. கடைக்கு வர இயலாதவர் இன்னொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் இருக்கிறது. 2025 ஆகஸ்டிலிருந்து முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வாசலுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் இருக்கிறது. ஆதார் பொருந்தவில்லை என்பதற்காக யாருக்கும் உணவு தானியத்தை மறுக்கக் கூடாது, வேறு அடையாளச் சான்றைப் பார்த்து, பதிவேட்டில் குறித்துக்கொண்டு கொடுக்க வேண்டும் என்று மத்திய உணவு அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் 2017 அக்டோபர் 24ஆம் தேதியே எழுதியிருக்கிறது. ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் ஒரு சிறுமி இறந்துபோய், ஆதாரோடு இணைக்காததால் ரேஷன் அட்டை ரத்தாகிப் பட்டினியில் செத்தாள் என்று குடும்பம் கதறிய சில வாரங்களில் எழுதப்பட்ட கடிதம் அது.

ஆக, வழி இருக்கிறது. உப்பளத்து அக்கா அந்த வழிக்குள் நுழைய முடியாததற்குக் காரணம், அவர் திருப்பி அனுப்பப்பட்டார் என்பதற்கு எங்கேயும் தடயம் இல்லாததுதான். வட்ட வழங்கல் அலுவலரிடம் போய் "எனக்குப் பொருள் தரல" என்றால், "கடையில கேட்டா நீங்க வரவே இல்லங்கிறாங்களேம்மா" என்கிறார். நாலு நாள் நடந்து போயும், கணக்கில் அவர் கடைக்கு வராதவர்.

இதே கதை தலைகீழாகவும் நடக்கும். பொருள் வாங்காதவருக்கு வாங்கியதாகக் குறுஞ்செய்தி வரும். அட்டையில் பதிந்திருப்பது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனின் நம்பர். அவன் அங்கிருந்து போன் போட்டு, "என்னம்மா, பாமாயில் வாங்கிட்டியா?" என்பான். அம்மா, "இந்த மாசம் வரலன்னுட்டாங்களேப்பா" என்பார். 1967 என்ற ரேஷன் புகார் நம்பருக்கு அடித்துச் சொல்லலாம், புகார் கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறோம். அங்கே கேட்கும் முதல் கேள்வி, "பொருள் இல்லைன்னு யார் சொன்னாங்க, எப்போ சொன்னாங்க?" அதற்கு அந்த அம்மாவிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது?

விற்பனையாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கடையில் இருக்கும் தம்பி நல்ல பையன். எடை போட ஆள் இல்லாமல், பில்லையும் போட்டுக்கொண்டு மூட்டையையும் பிரிக்கிறான். கிடங்கிலிருந்து வரும் மூட்டையில் எடை குறைந்தால் தண்டம் அவன் தலையில். சர்வர் படுத்துக்கொண்டால் ஜனங்களின் திட்டு முழுக்க அவனுக்கு. 'சர்வர் இல்லாததால் தரவில்லை' என்று எழுத ஒரு தாள் இருந்தால், சொல்லப்போனால், முதலில் தப்பிப்பது அவன்தான்.

இருப்பு விஷயத்தில் நீங்கள் மனது வைத்தால் நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2024 மே மாதத்தில் பருப்பும் பாமாயிலும் பல கடைகளுக்குச் சரியாக வரவில்லை. அப்போது மே மாதத்துக்கு உரியதை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தீர்கள். ஜனங்கள் வாங்கினார்கள். அந்த அறிவிப்பு எழுத்தில் இருந்தது, அதனால் கடையில் போய் உரிமையோடு கேட்க முடிந்தது. அறிவிப்பு இல்லாத மாதங்களில் 'இந்த மாசம் வரல' என்றால் அந்த மாதப் பருப்பு அவ்வளவுதான், காற்றோடு போயிற்று.

எழுத்தில் வரும் 'இல்லை' எவ்வளவு நல்லது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். இதற்குப் பெருமை உங்களுக்குத்தான். 2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது வந்த விண்ணப்பங்கள் 1.63 கோடி, தேர்வானவை 1.06 கோடி. மீதி 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இல்லை. அந்தச் சில வாரங்கள் என் மேசை முன்னால் தேர்க்கூட்டம். ஆனால் அந்தக் கூட்டம் வித்தியாசமானது. அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை, கையில் ஒரு குறுஞ்செய்தி இருந்தது. காரணம் ஒரு வரியில் இருந்தது. 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் இ-சேவை மூலம் மேல்முறையீடு செய்யலாம் என்ற வழியும் இருந்தது.

ஒரு அக்காவுக்கு 'நான்கு சக்கர வாகனம் உள்ளது' என்று வந்திருந்தது. அக்கா சிரித்தேவிட்டார். "எங்க வீட்டுல நாலு சக்கரம் இருக்கது சின்னவன் நடைவண்டிக்குத்தான் அண்ணாச்சி. அதுக்கும் ஒரு சக்கரம் போச்சு." விசாரித்தால், வீட்டுக்காரர் எப்போதோ ஒரு பழைய வேனைத் தவணையில் வாங்கி, கட்ட முடியாமல் விற்றிருக்கிறார், வாங்கியவர் ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றவே இல்லை. காரணம் தெரிந்ததால் எதை நிரூபிக்க வேண்டும் என்றும் தெரிந்தது. விற்ற பத்திரத்தைத் தேடிப் பிடித்து இணைத்தோம். தொகை வந்தது. இன்னொருவருக்கு 'ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்கு மேல்' என்று வந்தது. ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம். அதுவும் எழுதித் தீர்ந்தது.

எல்லாருக்கும் தீரவில்லை. 'தகுதி இல்லை' என்று மொட்டையாக வந்தவர்களுக்கு நான் என்னத்தை எழுதுவது? எதற்குத் தகுதி இல்லை என்று தெரியாமல், தகுதி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். அவை அப்படியே திரும்பி வந்தன.

சில பெண்களுக்கு முதல் மாத 1,000 ரூபாய் வந்த வேகத்தில் போய்விட்டது. குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றும் பழைய கடன் என்றும் சொல்லி வங்கிகளே பிடித்துக்கொண்டன. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று மாநில அரசே அப்போது வங்கிகளுக்குச் சொல்ல வேண்டிவந்தது. அங்கேயும் பாஸ்புக்கில் 'கட்டணம்' என்று ஒரு வரி அச்சாகியிருந்ததால்தான் அந்த வரியை வைத்துச் சண்டை போட முடிந்தது.

நான் கேட்பது புதுச் சலுகை இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அதன் 4(1)(டி) பிரிவைப் புரட்டிப் பாருங்கள். ஒரு அலுவலகம் எடுக்கும் நிர்வாக முடிவுக்கான காரணங்களை, அந்த முடிவால் பாதிக்கப்படுகிறவருக்கு அந்த அலுவலகமே தெரிவிக்க வேண்டும் என்கிறது. அவர் மனுப் போட்டுக் கேட்டால்தான் என்று சொல்லவில்லை. ஆனால் நடப்பது என்ன? நின்றுபோன 1,200 ரூபாய்க்குக் காரணம் கேட்டு அதே சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி நான் மனு எழுதுகிறேன். 30 நாள் காத்திருக்கிறோம். அதில் வரும் பதில்தான் பணம் நின்றவருக்குக் கிடைக்கும் முதல் எழுத்து மூலமான காரணம். அப்புறம்தான் உண்மையான மனுவையே தொடங்குகிறோம்.

அப்படி வந்த பதில் ஒன்று என் கோப்பில் இருக்கிறது. 'கள ஆய்வின்போது மனுதாரர் முகவரியில் இல்லை' என்பது காரணம். மகள் பிரசவத்துக்காக இரண்டு மாதம் வெளியூர் போயிருந்தார் மனுதாரரான பாட்டி. ஆய்வுக்கு வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, வேலைப்பளு, கேட்கவில்லை. கதவிடுக்கில் ஒரு சீட்டாவது செருகியிருக்கலாமே? 'இன்ன தேதியில் வந்தோம், நீங்கள் இல்லை, இத்தனை நாளுக்குள் நேரில் வாருங்கள்' என்று. கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர்கூட அட்டையில் எழுதிவிட்டுத்தான் போகிறார். பாட்டி நேரில் போய் நின்றபோதும், "பட்டியல்ல இல்லையே" என்றார்களாம். "நான் சாவலையேய்யா" என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்தார்.

மத்தியப் பிரதேசம் 2010லேயே சேவை உறுதிச் சட்டம் கொண்டுவந்தது. மனுவை வாங்கினால் ஒப்புகை தர வேண்டும், குறித்த நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், தாமதித்தால் பொறுப்பான அலுவலரிடமிருந்து நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை அபராதம். அது அங்கே எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பது வேறு விஷயம். இப்படியொரு சட்டம் தமிழ்நாட்டுக்கும் வேண்டும் என்ற கோரிக்கை பல வருஷமாக இருக்கிறது. சட்டம் வரும்போது வரட்டும். துண்டுச் சீட்டு கொடுக்கச் சட்டமன்றம் கூட வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.

எல்லா மனுவும் நியாயமானது என்று நான் சொல்லவில்லை. மாடி வீடும் காரும் வைத்துக்கொண்டு, ஆதரவற்றவர் என்று எழுதச் சொல்லி என்னிடமே வந்தவர்கள் உண்டு. சிலருக்கு எழுதியும் கொடுத்திருக்கிறேன், வயிறு இருக்கிறதே. அவர்களுக்கு நீங்கள் 'இல்லை' என்று சொன்னால் சரியே. அதையும் எழுதித்தான் கொடுங்கள். எழுதிக் கொடுத்தால் அவர் மறுபடி அதே மனுவோடு வந்து உங்கள் நேரத்தையும் தின்ன மாட்டார்.

என் பிழைப்பைப் பற்றியும் நீங்கள் யோசிக்கலாம். காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் பாதி மனுக்கள் தேவைப்படாது, உண்மைதான். மழைக்காலத்தில் அளத்து வேலை நிற்கும்போது தருகிற 5,000 ரூபாய் நிவாரணத்துக்கு வருஷா வருஷம் எழுத ஆள் வருவார்கள், அதில் ஓட்டிக்கொள்கிறேன்.

நீங்கள் படிவம் தயாரிக்கக் கமிட்டி போட்டு நாளைக் கடத்த வேண்டாம் என்று ரேஷன் கடைக்கு ஒரு மாதிரியை நானே எழுதி வைத்திருக்கிறேன்:

'குடும்ப அட்டை எண் ......... உடையவர் ......... தேதி ......... மணிக்குக் கடைக்கு வந்தார். ......... வழங்க இயலவில்லை. காரணம்: ரேகை பொருந்தவில்லை / இருப்பு இல்லை / சர்வர் இல்லை / வேறு ......... . திரும்ப வர வேண்டிய நாள் ......... . அன்றும் கிடைக்காவிட்டால் அணுக வேண்டிய அலுவலர் ......... . விற்பனையாளர் கையொப்பம் ......... .'

உதவித்தொகைக்கும் இதே அளவில் ஒன்று இருக்கிறது. அதில் 'கடைசியாகப் பணம் அனுப்பிய வங்கி, கணக்கின் கடைசி நான்கு எண்' என்று ஒரு வரி கூடுதல்.

ரேஷன் சீட்டை நூறு பிரதி ஜெராக்ஸ் எடுத்து எங்கள் ஊர்க் கடைத் தம்பியிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தான். "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. மேலயிருந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, இன்னைக்கே எழுதிக் கொடுக்கேன்" என்றான். கல்லாவுக்கு அடியில், கோணியின் மேல், கட்டு பிரிக்காமல் இருக்கிறது.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த மடல்.

இப்படிக்கு,
தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவன்